குடியேற்றப் பொதுமன்னிப்பு (அமெரிக்க ஐக்கிய நாடுகள்)

அனுமதியின்றி நாட்டுக்குள் வந்தவர்களுக்கும், விசாக் காலம் முடிந்த பின்னும் தங்கிவிட்டவர்களுக்கும் சட்டத்தின் வழியே வாழ்வுரிமை அளிப்பது குடியேற்றப் பொதுமன்னிப்பு எனப்படும். அமெரிக்காவில் 1929 முதல் இது பல வடிவங்களில் நடைமுறைக்கு வந்துள்ளது. அவற்றுள் மிகப் பெரியது, குடியரசுத் தலைவர் ரொனால்டு ரேகன் 1986 நவம்பர் 6 அன்று கையெழுத்திட்ட சட்டம். அதனால் சுமார் 27 லட்சம் பேர் நிரந்தர வாழ்வுரிமை பெற்றனர். யாரை ஏற்பது என்ற விவாதம் எழுந்தபோதெல்லாம் அமெரிக்கர் என்பவர் யார் என்ற விவாதமும் உடன் எழுந்தது.

முன்வரலாறு

1790ஆம் ஆண்டுச் சட்டம், வெளிநாட்டில் பிறந்தவர்களுள் அடிமையல்லாத வெள்ளையருக்கு மட்டுமே குடியுரிமை பெற வழி வைத்தது. உள்நாட்டுப் போருக்குப் பின் வந்த 14ஆம் அரசியலமைப்புத் திருத்தம் (1868) அந்த மண்ணில் பிறந்தவர்களைக் குடிமக்களாக்கியது. 1870இல் ஆப்பிரிக்க வழியினருக்கும் குடியுரிமைக் கதவு திறந்தது. ஆசியர்களுக்குத் திறக்கவில்லை. 1882இல் சீனத் தொழிலாளர் வருகை தடை செய்யப்பட்டது. சான் பிரான்சிஸ்கோவில் பிறந்த சமையற்காரர் வோங் கிம் ஆர்க், சீனா சென்று திரும்பியபோது கரையிறங்க விடாமல் தடுக்கப்பட்டார். அவர் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1898இல் அவர் பிறப்பாலேயே அமெரிக்கர் என்று தீர்ப்பளித்தது. இன்றுவரை பிறப்புவழிக் குடியுரிமை பற்றிய வாதங்கள் இத்தீர்ப்பைச் சுற்றியே நடக்கின்றன.

இந்தியர் தொடர்பான வழக்கு 1923இல் வந்தது. பஞ்சாபில் பிறந்து, முதல் உலகப் போரின்போது அமெரிக்கப் படையில் சேர்ந்த பகத் சிங் திந்த், தாம் ஆரிய இனத்தவர் ஆதலால் வெள்ளையரே என்று வாதிட்டார். இன நூலார் வகுப்பது எதுவாயினும், சாதாரண மனிதர் யாரை வெள்ளையர் என்று கருதுகிறாரோ அவரே வெள்ளையர் என்று நீதிமன்றம் கூறி, அவர் கோரிக்கையை மறுத்தது. முன்னரே குடியுரிமை பெற்றிருந்த இந்தியர் பலரிடமிருந்தும் அது பறிக்கப்பட்டது. அவர்களுள் ஒருவரான சான் பிரான்சிஸ்கோ வணிகர் வைஷ்ணோ தாஸ் பகாய் 1928இல் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். திந்த், போர்வீரர்களுக்கான தனிச்சட்டம் ஒன்றின் உதவியால் 1936இல் குடியுரிமை அடைந்தார்.

1924ஆம் ஆண்டுச் சட்டம் ஐரோப்பியருக்கும் நாடுவாரியாக ஒதுக்கீடு வகுத்தது. இத்தாலியர், போலந்து நாட்டவர், யூதர் ஆகியோரின் வருகை சுருங்கியது. எல்லைக் காவல் படை அமைந்ததும் அதே ஆண்டில்தான். மெக்சிகோவும் கனடாவும் ஒதுக்கீட்டுக்கு வெளியே விடப்பட்டன. தென்மேற்கு மாநிலப் பண்ணையார்களின் வற்புறுத்தல் இதற்கு ஒரு காரணம்.

1929ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம்

1929 மார்ச் மாதத்தில் இரண்டு நாள் இடைவெளியில் இரு சட்டங்கள் வந்தன. மார்ச் 2ஆம் தேதிச் சட்டம், 1921 ஜூன் 3க்கு முன் வந்து, வருகைப் பதிவு ஏதுமின்றித் தொடர்ந்து வசித்துவரும் நன்னடத்தையாளர், 20 டாலர் கட்டணம் செலுத்தித் தம் பெயரைப் பதிந்துகொள்ளலாம் என்றது. மார்ச் 4ஆம் தேதிச் சட்டம், அனுமதியின்றி எல்லை தாண்டுவதையே முதன்முறையாகக் குற்றமாக்கியது. முன்னது பெரும்பாலும் ஐரோப்பியருக்குப் பயன்பட்டது. பின்னது பெரும்பாலும் மெக்சிகர்மீது பாய்ந்தது. 1930களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் பதிவுச் சலுகை பெற்றதாகவும், அவர்களில் ஐந்தில் நான்கு பங்கினர் ஐரோப்பியர் அல்லது கனடியர் என்றும் வரலாற்றாசிரியர் மே நை கூறுகிறார். குடியுரிமைக்குத் தகுதியற்றவர் எனச் சட்டம் ஒதுக்கியிருந்த ஆசியர் இதில் சேர முடியவில்லை.

பதிவுச் சட்டத்தின் உயிர்நிலை அதன் தேதி. குறித்த நாளுக்கு முன் வந்தவர் உள்ளே. மறுநாள் வந்தவர் வெளியே. பின்வந்த நாடாளுமன்றங்கள் அத்தேதியை முன்னகர்த்தி வந்தன: 1958இல் அது 1940 ஜூன் 28 ஆனது, 1965இல் 1948 ஜூன் 30 ஆனது.

இடைக்காலம்

பொருளாதார மந்தத்தின்போது மெக்சிகர் பலர், அமெரிக்காவிலேயே பிறந்த பிள்ளைகள் உட்பட, மெக்சிகோவுக்கு அனுப்பப்பட்டனர். போர்க்காலத்தில் ஆள் தேவைப்படவே, 1942 முதல் 1964 வரை பிராசெரோ ஒப்பந்தத்தின் கீழ் மெக்சிகோ தொழிலாளர் வரவழைக்கப்பட்டனர். 1946இல் இந்தியருக்கு ஆண்டுக்கு 100 இடங்களும் குடியுரிமை பெறும் தகுதியும் கிடைத்தன. 1952ஆம் ஆண்டுச் சட்டம் அனுமதியற்றோருக்கு அடைக்கலம் தருவதைக் குற்றமாக்கியபோதும், அவர்களுக்கு வேலை தருவது அடைக்கலமாகாது என்றது. டெக்சாஸ் விதிவிலக்கு எனப்படும் இந்த ஏற்பாடு 1986 வரை நீடித்தது. 1954இல் அனுமதியின்றி இருந்த மெக்சிகரை வெளியேற்றும் பெரும் நடவடிக்கை நடந்தது.

1956 முதல் 1965 வரை நடந்த சீனர் ஒப்புதல் திட்டம் தனி வகையைச் சேர்ந்தது. 1906ஆம் ஆண்டு நிலநடுக்கத்திலும் தீயிலும் சான் பிரான்சிஸ்கோவின் பிறப்புப் பதிவுகள் அழிந்தன. அதன் பின், குடிமக்களின் பிள்ளைகள் என்று காகிதத்தில் மட்டும் உறவு காட்டிப் பல சீனர் நாட்டுக்குள் வந்திருந்தனர். உண்மைப் பெயரை ஒப்புக்கொண்டால் பெரும்பாலும் தங்க விடுவதாக அரசு அறிவித்தது. ஏறத்தாழ 14,000 பேர் ஒப்புக்கொண்டனர். ஒருவர் வாய் திறந்தால் அதே குடும்பப் பெயரில் வந்த அத்தனை பேரும் அகப்பட்டுக்கொள்வர் என்பதால் சீனர் குடியிருப்புகளில் இத்திட்டம் கருணையாக மட்டும் பார்க்கப்படவில்லை.

1965 அக்டோபர் 3 அன்று சுதந்திரச் சிலையின் அடியில் லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்ட சட்டம் நாடுவாரி இன ஒதுக்கீட்டை நீக்கியது. அதே சட்டம் மேற்கு அரைக்கோளத்துக்கு முதன்முறையாக உச்சவரம்பு விதித்தது. பிராசெரோ ஒப்பந்தம் முந்திய ஆண்டே முடிந்துவிட்டது. அதுவரை முறையாக வந்துகொண்டிருந்தவர்கள், அதே பண்ணைகளுக்கு, அதே பருவத்தில், அனுமதியின்றி வரலாயினர்.

1986ஆம் ஆண்டுச் சட்டம்

நோட்டர் டேம் பல்கலைக்கழகத் தலைவர் பாதிரியார் தியடோர் ஹெஸ்பர்க் தலைமையிலான ஆணையம் 1981இல் அறிக்கை அளித்தது. அனுமதியற்றோரை வேலைக்கு வைப்பவருக்குத் தண்டனை, ஏற்கெனவே வாழ்பவருக்குச் சட்டபூர்வ நிலை ஆகிய இரண்டையும் ஒருசேரச் செய்ய வேண்டும் என்பது அதன் சாரம். வயோமிங் மாநிலக் குடியரசுக் கட்சி மேலவை உறுப்பினர் ஆலன் சிம்ப்சனும், கென்டக்கி ஜனநாயகக் கட்சிப் பிரதிநிதி ரோமனோ மஸோலியும் இதைச் சட்ட வரைவாக்கினர். சிம்ப்சன் வளர்ந்த கோடி நகருக்கு அருகில்தான், போர்க்காலத்தில் ஜப்பானிய வழி அமெரிக்கரை அடைத்து வைத்த ஹார்ட் மவுண்டன் முகாம் இருந்தது. சாரணச் சிறுவனாக அங்கே சென்றபோது முள்வேலிக்குள் இருந்த நார்மன் மினெட்டா என்ற சிறுவனோடு அவர் நட்புக் கொண்டார். மினெட்டாவும் பிற்காலத்தில் நாடாளுமன்ற உறுப்பினரானார். நட்பு ஆயுள் முழுதும் நீடித்தது.

வரைவு 1982இல் தோற்றது. 1984இல் பிரதிநிதிகள் அவையில் 216க்கு 211 என்ற வாக்குகளில் தப்பியும், இரு அவைகளுக்கும் உடன்பாடு ஏற்படாமல் கைவிடப்பட்டது. எதிர்ப்பு எல்லாப் பக்கமும் இருந்தது. தண்டனைக்கு அஞ்சும் முதலாளிகள் ஸ்பானியப் பெயர் உள்ள எவரையும் வேலைக்கு எடுக்க மாட்டார்கள் என்று லத்தீன் அமெரிக்க வழி அமைப்புகள் அஞ்சின. பண்ணையார்கள் ஆள் பற்றாக்குறை வரும் என்றனர். சட்டத்தை மீறியவருக்குப் பரிசளிப்பது, வரிசையில் காத்திருப்பவருக்குச் செய்யும் துரோகம் என்று பழமைவாதிகள் வாதிட்டனர். வேலைக்குத் தகுதியானவரை அறியத் தேசிய அடையாள அட்டை வேண்டும் என்ற யோசனை இடதுசாரிகளையும் வலதுசாரிகளையும் ஒன்றாக எதிர்க்க வைத்தது. 1981இல் அமைச்சரவைக் கூட்டத்தில் இது பேசப்பட்டபோது, அட்டைக்குப் பதில் ஒவ்வொருவர் கையிலும் எண்ணைப் பச்சை குத்திவிடலாமே என்று தாம் சொல்லி அதைத் தடுத்ததாக ரேகனின் ஆலோசகர் மார்ட்டின் ஆண்டர்சன் பின்னர் எழுதினார்.

முட்டுக்கட்டையை உடைத்தது விவசாயத் தொழிலாளருக்கான தனிப் பிரிவு. சார்ல்ஸ் ஷூமர், லியோன் பனெட்டா, ஹோவர்டு பெர்மன் ஆகியோர் பேசி முடித்த இந்தச் சமரசத்தால், 1986 மே 1இல் முடிந்த ஓராண்டில் 90 நாள் வயலில் உழைத்தவர் விண்ணப்பிக்கலாம் என்றானது. மற்றவர்களுக்கு 1982 ஜனவரி 1க்கு முன்பிருந்து தொடர்ந்து வசித்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அக்டோபரில் பிரதிநிதிகள் அவை 238க்கு 173 என்றும், மேலவை 63க்கு 24 என்றும் நிறைவேற்றின. வேரூன்றி வாழ்பவர்களுக்குப் பொதுமன்னிப்புத் தருவதை ஏற்பதாக 1984 தேர்தல் விவாத மேடையிலேயே கூறியிருந்த ரேகன் கையெழுத்திட்டார். அதற்கு இரண்டு நாள் முன்பு, கலிபோர்னியா வாக்காளர்கள் ஆங்கிலத்தை மாநில ஆட்சிமொழியாக்கும் முன்மொழிவை மிகப் பெரும்பான்மையுடன் நிறைவேற்றியிருந்தனர். அவ்வியக்கத்தின் முகமாக விளங்கிய எஸ். ஐ. ஹயகாவா, ஜப்பானியப் பெற்றோருக்குக் கனடாவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறியவர்.

1987 மே 5 அன்று விண்ணப்பம் பெறத் தொடங்கினர். இதற்கென நூற்றுக்கும் மேற்பட்ட தனி அலுவலகங்கள் திறக்கப்பட்டன. கட்டணம் பெரியவருக்கு 185 டாலர். விண்ணப்பத்தில் தரும் விவரத்தை நாடுகடத்தப் பயன்படுத்தக் கூடாது என்று சட்டமே தடுத்தது. ஆயினும் மக்கள் தயங்கினர். தேவாலயங்களும் தொண்டு அமைப்புகளும் இடைநின்று படிவம் நிரப்பிக் கொடுத்தன.

உண்மையான சிக்கல் சான்றில் இருந்தது. பெயர் எங்கும் பதிவாகிவிடக் கூடாது என்று ஆண்டுக்கணக்கில் எச்சரிக்கையாக வாழ்ந்தவர்கள், இப்போது அவ்வாண்டுகள் முழுவதும் இங்கேதான் இருந்தோம் என்று காகிதத்தில் காட்ட வேண்டியிருந்தது. வாடகை ரசீது, சம்பளச் சீட்டு, மின்கட்டண ரசீது, குழந்தையின் தடுப்பூசி அட்டை, பள்ளி மதிப்பெண் சான்று, முத்திரை தெளிவாக விழுந்த பழைய தபால் உறை எல்லாம் சான்றாயின. கைக்காசு வாங்கி வேலை செய்த வீட்டுப் பணிப்பெண்களும் தோட்ட வேலைக்காரர்களும் முன்னாள் முதலாளிகளைத் தேடிச் சென்று கடிதம் கேட்டனர். சட்டவரலாற்று நூல்கள் ஒரு வரியில் கடந்துபோகும் இந்தப் பகுதியே அம்மக்களின் நினைவில் அழுத்தமாகப் பதிந்தது. முறையான விசாவில் வந்தவர்களுக்கு நிபந்தனை இன்னும் கடுமை: 1982க்கு முன்பே தம் விசாக் காலம் முடிந்துவிட்டது என்றோ, தாம் விதியை மீறியது அப்போதே அரசுக்குத் தெரிந்திருந்தது என்றோ நிறுவப்பட வேண்டும். இடையில் சில நாள் தாய்நாடு சென்று திரும்பியவர்களின் விண்ணப்பங்கள் மேசையிலேயே திருப்பி அனுப்பப்பட்டதாக எழுந்த வழக்குகள் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நடந்தன.

பொதுப் பிரிவில் சுமார் 17.6 லட்சம் பேரும், விவசாயப் பிரிவில் சுமார் 12.7 லட்சம் பேரும் விண்ணப்பித்தனர். நான்கில் மூவர் மெக்சிகோ நாட்டவர். பாதிக்கு மேற்பட்டோர் கலிபோர்னியாவில் வசித்தவர்கள். மெக்சிகோ கிராமங்களில், சட்டத்தை முடித்துக் கொடுத்த நாடாளுமன்றக் குழுத் தலைவர் பீட்டர் ரோடினோவின் பெயரால் இவர்களை ‘ரோடினோக்கள்’ என்றே அழைத்தனர். பொதுப் பிரிவினர் இரண்டாம் கட்டத்தில் ஆங்கிலமும் அமெரிக்க வரலாறும் கற்றதற்குச் சான்று தர வேண்டியிருந்ததால் இரவுப் பள்ளிகள் நிரம்பின.

விவசாயப் பிரிவில் மோசடி நடந்தது என்பதில் ஐயமில்லை. அளவு குறித்தே கருத்து வேறுபாடு. ஏணி வைத்து ஸ்ட்ராபெரி பறித்ததாகச் சொன்னவர்களைப் பற்றிய செய்திகள் அன்றைய நாளேடுகளில் வந்தன. எனினும் தினக்கூலிக்குப் பதிவேடே இல்லாத தொழிலில் உண்மையாக உழைத்தவரும் அதே ஐயத்துக்கு ஆளானதை மறந்துவிட முடியாது.

விளைவுகள்

வாழ்வுரிமை பெற்றவர்களின், 1982க்குப் பின் வந்த மனைவியும் பிள்ளைகளும் சட்டத்துக்கு வெளியே நின்றனர். 1987இலும் 1990இலும் குடியேற்றத் துறை ஆணைகளின் வழி இவர்களில் ஒரு பகுதியினரை வெளியேற்றத்திலிருந்து காத்தது. 15 லட்சம் பேர் பயன்பெறக்கூடும் என்று அன்று சொல்லப்பட்ட கணக்கைப் பலர் ஏற்பதில்லை. விண்ணப்பித்தவர் தொகை அதைவிட மிகக் குறைவு.

முதலாளிகளுக்கான தண்டனை பெரும்பாலும் ஏட்டளவில் நின்றது. காட்டப்படும் ஆவணம் பார்வைக்கு உண்மையாகத் தோன்றினால் போதும் என்பதால் போலி ஆவணத் தொழில் வளர்ந்தது. தண்டனை விதிகளால் வேலைவாய்ப்பில் பாகுபாடு பெருகியதாக நாடாளுமன்றத் தணிக்கை அலுவலகம் 1990இல் கண்டது. பொதுமன்னிப்பு மேலும் பலரை வரத் தூண்டியது என்ற குற்றச்சாட்டு இன்றும் ஒலிக்கிறது. நீண்டகால நோக்கில் அத்தகைய விளைவு தென்படவில்லை என்பது பொருளியலாளர்கள் பியா ஒரேனியஸ், மேட்லின் ஸவோட்னி ஆகியோரின் ஆய்வு முடிவு. எல்லைக் காவல் கடுமையானதால் பருவந்தோறும் வந்துபோனவர்கள் திரும்பிப் போக அஞ்சி நிலைத்துவிட்டனர் என்பது சமூகவியலாளர் டக்ளஸ் மாஸியின் வாதம். சட்டபூர்வ நிலை பெற்றவர்களின் கூலி உயர்ந்தது என்பதில் பெரும்பாலான ஆய்வுகள் ஒன்றுபடுகின்றன.

1994இல் கலிபோர்னியாவின் 187ஆம் முன்மொழிவு, அனுமதியற்றோருக்குப் பள்ளியையும் மருத்துவ உதவியையும் மறுக்க முற்பட்டது. வாக்காளர் ஏற்றனர், நீதிமன்றம் தடுத்தது. அரசியல் அறிஞர் சாமுவேல் ஹண்டிங்டன் 2004இல் எழுதிய நூல், மெக்சிகோ வழியினர் அமெரிக்காவின் ஆங்கில-புரோட்டஸ்டன்ட் பண்பாட்டில் கரைய மாட்டார்கள் என்று அஞ்சியது. அவர்களும் தலைமுறைதோறும் ஆங்கிலத்துக்கு மாறியே வருகின்றனர் என்று மொழி ஆய்வாளர்கள் மறுத்தனர்.

அண்மைக் காலம்

2006, 2007, 2013 ஆண்டுகளில் புதிய பொதுமன்னிப்பு வரைவுகள் தோற்றன. 2013ஆம் ஆண்டு வரைவை மேலவை 68க்கு 32 என ஏற்றும் பிரதிநிதிகள் அவை எடுத்துக்கொள்ளவில்லை. சிறுவயதில் அழைத்து வரப்பட்டவர்களுக்கு 2012இல் பராக் ஒபாமா அரசு தற்காலிகப் பாதுகாப்பு அளித்தது. அது நீதிமன்றங்களில் அலைக்கழிகிறது. 2025 ஜனவரியில் பிறப்புவழிக் குடியுரிமையைச் சுருக்க டொனால்டு டிரம்ப் பிறப்பித்த ஆணையைக் கீழ் நீதிமன்றங்கள் தடுத்தன. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது.

1929ஆம் ஆண்டுப் பதிவுப் பிரிவு இன்றும் சட்டப் புத்தகத்தில் உள்ளது. 1986இல் அதன் தேதி 1972 ஜனவரி 1 என மாற்றப்பட்டது. ஏழு ஆண்டு வசித்தவர் எவரும் பதியலாம் என்று மாற்ற 2022இல் கொண்டுவரப்பட்ட வரைவு நிறைவேறாததால், அத்தேதியே நடைமுறையில் நீடிக்கிறது.