தந்தை வழி விலகிய நாயகன்

டைம்ஸ் ஆஃப் இந்தியா குழுமம் 1964இல் தொடங்கிய இந்திரஜால் காமிக்ஸின் முதல் நாயகர் வேதாளர். அவருடைய கடமை தலைமுறைதோறும் தந்தையிடமிருந்து மகனுக்கு வருவது.

1976இல் அதே இதழில் ஆபித் சுர்தி எழுத, கோவிந்த் பிராமணியா வரைந்த பகதூர் இதற்கு நேர்மாறானவன். காவலரால் கொல்லப்பட்ட கொள்ளைக்காரனின் மகனான அவன், பழிவாங்கும் எண்ணத்தைத் துறந்து, ஊர்மக்களைத் திரட்டிக் குடிமக்கள் பாதுகாப்புப் படை அமைத்தான். அவனிடம் அமானுட ஆற்றல் ஏதுமில்லை. காவி ஜிப்பாவும் ஜீன்ஸுமே அவனது உடை.

சம்பல் கொள்ளையர் 1972இல் ஜெயப்பிரகாஷ் நாராயண் முன்னிலையில் சரணடைந்த நினைவு மங்காத காலம் அது. பிறப்பு ஒருவனின் வழியைத் தீர்மானிப்பதில்லை என்னும் அக்கால நம்பிக்கையின் சித்திர வடிவமே பகதூர். 1990இல் இந்திரஜால் நின்றது. பகதூரை மறப்பது அந்நம்பிக்கையின் வரலாற்றையும் மறப்பதாகும்.