எட்டாம் வரிசை: மதராஸ் பி.சி.ஜி. சோதனையும் அதன் எண்களும்

பல ஆய்வுகளின் முடிவுகளை ஒன்றுதிரட்டி ஆராயும் மெட்டா பகுப்பாய்வைப் பயில்வோர்க்கு, பி.சி.ஜி. தடுப்பூசி குறித்த 13 சோதனைகளின் அட்டவணை இன்று பாடமாகவே அமைந்துவிட்டது. 1994இல் கோல்டிட்ஸ் குழுவினர் வெளியிட்ட பகுப்பாய்வை அடியொற்றியது அது. அதன் எட்டாம் வரிசை 'மதராஸ்' என்னும் பெயர் தாங்கியது. தடுப்பூசி பெற்ற 88,391 பேரில் காசநோயுற்றோர் 505. பெறாத 88,391 பேரில் 499. இடர் விகிதம் 1.01, பயன் தென்படவில்லை.

பெயர் மதராஸ் எனினும் களம் நகரன்று. அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்துத் திருவள்ளூர் வட்டாரத்தில், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1968இல் அச்சோதனையைத் தொடங்கியது. இரு வகைத் தடுப்பூசிகள் இரு வேறு அளவுகளில் இடப்பட்டன. முதல் அறிக்கை 1979இல் வந்தது. பதினைந்தாண்டுத் தொடர் கண்காணிப்பின் முடிவைச் சேத்துப்பட்டிலுள்ள காசநோய் ஆராய்ச்சி மையம் 1999இல் வெளியிட்டது. அட்டவணையிலோ 1980 என்னும் ஆண்டும், நான்கு எண்ணிக்கைகளும், அட்சரேகை 13 என்பதும், குலுக்கல்முறைப் பகிர்வு என்னும் குறிப்பும் மட்டுமே எஞ்சின. தடுப்பூசியின் வகையும் அளவும் வரிசைக்குள் வரவில்லை.

இவ்வரிசையின் கனம் பகுப்பாய்வாளர் கொள்ளும் எடுகோளைப் பொறுத்து மாறுவது கவனத்திற்குரியது. எல்லாச் சோதனைகளும் ஒரே விளைவையே அளக்கின்றன எனக் கொண்டால், மொத்த எடையில் ஏறத்தாழ 41 விழுக்காடு மதராசுக்கே சேரும். விளைவு இடத்திற்கு இடம் வேறுபடும் எனக் கொண்டால் அது ஏறத்தாழ 10 விழுக்காடாகச் சுருங்கும். ஒரு மாவட்டத்து மக்களின் உடல்நிலை பற்றிய சான்று உலகமுடிவில் பெறும் இடம், களத்தில் அன்றி மேசையில் தீர்மானமாகிறது.

அட்சரேகை 55இலுள்ள கனடாவில் இடர் விகிதம் 0.20; 52இலுள்ள பிரிட்டனில் 0.24. நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்கப் பாதுகாப்பு குறைகிறது என்னும் விளக்கம் இவற்றால் வலுப்பெற்றது. ஆனால் அட்சரேகை ஒரு பதிலி மட்டுமே. மண்ணிலும் நீரிலும் வாழும் பிற மைக்கோபாக்டீரியங்களின் தாக்கமே உண்மைக் காரணமாகலாம் என்பர். 1953 வரை சென்னை மாகாணத்துச் சித்தூர் மாவட்டத்தில் இருந்த மதனப்பள்ளிக்கும் அட்டவணை 13 என்றே குறிக்கிறது. அங்கே விகிதம் 0.80. பகிர்வோ குலுக்கல் அன்று, ஒருவர்விட்டு ஒருவர் முறை. ஒரே எண்ணின்கீழ் நிற்கும் இவ்விரு ஊர்களின் வேறுபாட்டை அட்சரேகை விளக்காது.

செங்கல்பட்டு முடிவு பெரும்பாலும் நுரையீரல் காசநோய் பற்றியது. குழந்தைகளைத் தாக்கும் கடுங்காசநோய் வகைகளைத் தடுக்கும் பொருட்டு, பிறந்த குழந்தைக்குப் பி.சி.ஜி. இடுவதை இந்தியா இன்றும் தொடர்கிறது.