சர்ப்பகந்தா: ஒரு வேரின் வரலாறு

தில்லி கரோல் பாக்கில் வாழும் தமிழ் அன்பர்களுக்கு அஜ்மல் கான் சாலையை நாம் அறிமுகம் செய்ய வேண்டுவதில்லை. தீபாவளிக்குத் துணி எடுப்பதும், பள்ளி திறக்கும் நாளில் பிள்ளைகளுக்குச் செருப்பு வாங்குவதும் அங்கேதான். ஆயினும் அப்பெயருக்கு உரியவர் யாரென்று நம் பிள்ளைகள் வினவினால் நம்மில் பலர் திகைப்போம். இரயில்வே குமாஸ்தாவாகிய நாமும் நெடுநாள் அவ்வாறே இருந்தோம். ஒரு மூலிகையின் சத்துக்கும் அவர் பெயரே சூட்டப்பட்டிருப்பதைப் பின்னரே அறிந்தோம்.

அம்மூலிகை சர்ப்பகந்தா. இது அரளிக் குடும்பத்தைச் சேர்ந்த சிறு செடி. இமயத்தின் அடிவாரத்திலும் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக் காடுகளிலும் வளர்வது. வெண்மையும் இளஞ்சிவப்பும் கலந்த பூ. முதிர்ந்தால் கருநீலமாகும் சிறு கனி. மருந்துக்கு உதவுவது அதன் வேர், சுவையோ கடுங்கசப்பு. பழைய ஆயுர்வேத நூல்கள் இதனை நஞ்சு முறிக்கும் மூலிகைகளுள் ஒன்றாகக் கூறுகின்றன. பீகார் மக்களோ இதனைப் ‘பாகல் கீ தவா’, அதாவது பித்துக்கு மருந்து, என்றே அழைத்தனர். உறக்கமின்றிக் கொந்தளிக்கும் மனத்தை இவ்வேர் அடக்கும் என்பதை அவர்கள் அனுபவத்தால் அறிந்திருந்தனர்.

மேனாட்டுத் தாவர நூலார் இச்செடி சார்ந்த இனத்திற்கு ராவுல்ஃபியா என்று பெயரிட்டனர். ராவுல்ஃப் என்பவர் 16ஆம் நூற்றாண்டின் ஜெர்மானிய மருத்துவர். அவர் இந்திய மண்ணை மிதித்தவரே அல்லர்!

இனி அஜ்மல் கானிடம் வருவோம். தில்லியின் புகழ்பெற்ற யுனானி மருத்துவக் குடும்பத்தில் தோன்றியவர் ஹக்கீம் அஜ்மல் கான். ஆயுர்வேதமும் யுனானியும் ஒரே கூரையின் கீழ்ப் பயிலப்பட வேண்டும் என்று கருதி, கரோல் பாக்கில் திப்பியா கல்லூரியை நிறுவினார். 1916இல் அடிக்கல் நாட்டப்பட்ட அக்கல்லூரியை 1921இல் காந்தியடிகள் திறந்து வைத்தார். முன்னோர் மருந்து என்பதால் மட்டும் ஒன்றை ஏற்றல் போதாது. புதிய விஞ்ஞானத்தின் உரைகல்லில் அதனை உரைத்துப் பார்க்கவும் வேண்டும் என்பது அவர் கொள்கை. அதன்பொருட்டு சலீமுஸ்ஸமான் சித்திக்கி என்னும் இளைஞர் ஜெர்மனியில் இரசாயனம் பயிலத் துணை நின்றார். பயிர் விளையும் முன்னரே, 1927இல், அவர் காலமானார்.

1931இல் சித்திக்கி, திப்பியா கல்லூரியில் சர்ப்பகந்தா வேரினின்று சில சத்துக்களைப் பிரித்தெடுத்தார். அவற்றுள் ஒன்றுக்குத் தம் பெயரைச் சூட்டிக்கொள்ளவில்லை. தம்மை ஆளாக்கிய பெரியாரின் நினைவாக ‘அஜ்மலின்’ என்று பெயரிட்டார். இதயத் துடிப்பில் மறைந்து கிடக்கும் ஒருவகைக் கோளாற்றை வெளிப்படுத்த இன்றும் மருத்துவர்கள் அதனைப் பயன்படுத்துகின்றனர்.

அதே 1931இல் கல்கத்தாவில் கணநாத சென், கார்த்திக் சந்திர போஸ் ஆகிய இருவரும், இவ்வேர் சித்தப் பிரமைக்கும் இரத்த அழுத்தத்திற்கும் நற்பயன் தருவதாக எழுதினர். 1949இல் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல், நோயாளிகள் 50 பேரிடம் கண்ட பயனை இங்கிலாந்தின் இதய மருத்துவ இதழில் வெளியிட்டார். உலகம் திரும்பிப் பார்த்தது. 1952இல் சுவிட்சர்லாந்தில் ‘ரிசர்ப்பின்’ என்னும் சத்து பிரித்தெடுக்கப்பட்டது. பீகார் கிராமத்தான் சொன்னது மெய்யாயிற்று.

ஆனால் கதை இத்துடன் முடியவில்லை. நம் அண்டை வீட்டுப் பெரியவர் ஒருவர், “நாட்டு மருந்து கெடுதல் செய்யாது ஐயா” என்று கூறி, டாக்டர் தந்த இரத்த அழுத்த மாத்திரைகளை நிறுத்திவிட்டு, தெருவோரத்தில் வாங்கிய சர்ப்பகந்தாப் பொடியை உண்டு வந்தார். சில வாரங்களில் அவர் பேச்சு குறைந்தது. பேரனைக் கண்டாலும் முகம் மலரவில்லை. அந்த மாமி நம் இல்லத்திற்கு வந்து கண்ணீர் விட்டார். டாக்டரிடம் அழைத்துச் சென்றபோதுதான் காரணம் புலனாயிற்று. ரிசர்ப்பின், நரம்புகளிடையே செய்தி கொண்டு செல்லும் பொருள்களைக் குறைத்துவிடுகிறது. கொந்தளிக்கும் மனத்தை அடக்குவதும் அதுவே. அமைதியான மனத்தைச் சோர்வில் ஆழ்த்துவதும் அதுவே. மாத்திரையில் அதன் அளவு ஒரு மில்லிகிராமின் கால் பங்கு போன்ற நுண்ணளவே. கைப்பிடிப் பொடியில் எவ்வளவு உண்டென்று யார் அறிவார்? பொடியை நிறுத்திய பின் பெரியவர் மெல்ல மெல்லத் தேறினார்.

காட்டிலும் அவ்வேருக்கு இன்னல் நேர்ந்தது. வேருக்காகச் செடியையே பிடுங்க வேண்டியிருந்ததால் அது அருகியது. 1990 முதல் அதன் அயல்நாட்டு வாணிபம் உலக உடன்படிக்கையின் கட்டுப்பாட்டில் இருந்து வருகின்றது.

முன்னோர் அறிவைப் போற்றுவோர், அதனைச் சோதிக்க அஞ்சுதல் ஆகாது. சோதிப்போர், அதனை இகழ்தலும் ஆகாது. இவ்விரண்டையும் ஒருங்கே செய்து காட்டிய பெரியாரின் பெயரையே நாம் நாள்தோறும் சாலைப் பலகையில் காண்கின்றோம். அடுத்த முறை அச்சாலையில் காய்கறிப் பையுடன் நடக்கையில், உடன் வரும் பிள்ளைகளுக்கு இவ்வரலாற்றைச் சொல்வோமாக!