புற்றுநோயாளியின் தூக்கமின்மையும் அமுக்கரா சூரணமும்: மடத்துக்குளம் வட்டாரத்தை முன்வைத்து

முன்னுரை

உடுமலைப்பேட்டைக்கும் பழனிக்கும் இடையில், அமராவதிப் பாசனத்தில் நெல்லும் கரும்பும் விளையும் மடத்துக்குளம் வட்டாரம், நூற்பாலை வேலையாலும் திருப்பூர்ப் பனியன் கம்பெனி வேலையாலும் பிழைப்பது. இங்கே ஒருவருக்குப் புற்றுநோய் என்று தெரிந்தால் வைத்தியத்துக்குக் கோவைக்கோ சென்னைக்கோ போகிறார்கள். வீடு திரும்பியபின் தூக்கம் வராவிட்டால், பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது நாட்டு மருந்துக் கடையும் அமுக்கரா சூரணமும்தான். அந்த நம்பிக்கையை இகழ்வதற்கு இடமில்லை; சித்த மருத்துவம் நெடுங்காலமாகக் கையாளும் மருந்து அது. ஆனால் புற்றுநோயாளியைப் பொறுத்தவரை ‘அமுக்கரா தூக்கம் தருமா?’ என்று பொதுவாகக் கேட்பது போதாது. எந்த வடிவில், எந்தப் புற்றுநோய் மருந்தோடு, சிகிச்சையின் எந்தக் கட்டத்தில் என்று கேட்டால்தான் பாதுகாப்பான விடை கிடைக்கும். இதுவே இக்கட்டுரையின் வாதம்.

தூக்கம் கெடுவதன் காரணங்கள்

கனடாவின் கியூபெக்கில் அறுவைச் சிகிச்சைக்குக் காத்திருந்த 962 புற்றுநோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து, 2011இல் வெளியான ஆய்வு முக்கியமானது. தொடக்கத்தில் 59 சதவீதத்தினருக்குத் தூக்கக் குறை இருந்தது. 18 மாதம் கழிந்தும் 36 சதவீதத்தினருக்கு அது இருந்தது. நோய் தெரிந்த அதிர்ச்சியில் சில நாள் வந்து போகும் தொல்லையாக இதை ஒதுக்க முடியாது.

காரணங்கள் பல. வாந்தியைத் தடுக்கக் கீமோதெரபியோடு தரும் டெக்சாமெத்தசோன் விழிப்பைத் தூண்டும். மார்பகப் புற்றுநோய்க்குத் தரும் டமாக்சிஃபென் இரவில் உடல் வெப்பமேறி வியர்க்கச் செய்யும். அடங்காத வலி, அடிக்கடி சிறுநீர் கழித்தல், மனக்கலக்கம், பகலில் நெடுநேரம் படுத்திருத்தல் ஆகியவையும் சேர்கின்றன. மில் வட்டாரத்துக்கென்று இன்னொன்றும் உண்டு. நைட் ஷிப்டிலும் ஒன்றரை ஷிப்டிலும் பல ஆண்டு உழைத்தவருக்கு உறக்க நேரம் நோய்க்கு முன்பே குலைந்திருக்கலாம். இவற்றுள் எது காரணம் என்று பாராமல் சூரணம் கொடுப்பது, நோய்முதல் நாடும் சித்த மருத்துவ நெறிக்கே பொருந்தாது. டெக்சாமெத்தசோன் காரணமானால், மருத்துவரைக் கேட்டு அதைக் காலை வேளைக்கு மாற்றுவதே முதல் மருந்து.

சான்று எவ்வளவு?

அமுக்கரா குறித்த ஐந்து கட்டுப்படுத்திய ஆய்வுகளை, மொத்தம் 400 பேரின் தரவுகளை, ஒருங்கே ஆராய்ந்த தொகுப்பாய்வு 2021இல் வந்தது. உறக்கத்தில் சிறிதாயினும் மெய்யான முன்னேற்றம் தெரிந்தது. நாளொன்றுக்கு 600 மில்லிகிராமோ அதற்கு மேலோ எடுத்தவர்களிடமும், எட்டு வாரமோ அதற்கு மேலோ எடுத்தவர்களிடமும் அது கூடுதலாக இருந்தது. எனினும் அவை சத்தெடுத்து அளவு நிறுத்திய மருந்தைக் கொண்டு செய்தவை. புற்றுநோயாளிகளை மையமாக வைத்தவை அல்ல.

புற்றுநோயாளிகளிடம் அமுக்கராவைச் சோதித்த ஆய்வு மலேசியாவிலிருந்து 2013இல் வெளிவந்தது. கீமோதெரபி பெற்ற மார்பகப் புற்றுநோயாளிகள் 100 பேரில், எட்டு மணி நேரத்துக்கொரு தரம் இரண்டு கிராம் வீதம் அமுக்கரா எடுத்தவர்களுக்குச் சோர்வு குறைந்தது. நம்பிக்கை தரும் செய்திதான். ஆனால் அதன் முதன்மை நோக்கம் சோர்வு. பிரிவுகள் குலுக்கல் முறையில் அமையவில்லை. யார் எதை எடுக்கிறார் என்பதும் மறைக்கப்படவில்லை. ஒப்பீட்டுக்கு இன்னொரு மூலிகையைப் பார்க்கலாம். மேலைநாட்டின் புகழ்பெற்ற தூக்க மூலிகையான வலேரியனைச் சிகிச்சை பெறும் புற்றுநோயாளிகள் 227 பேரிடம் சோதித்த அமெரிக்க ஆய்வு 2011இல் வந்தது. வெற்று மாத்திரையைவிட அது உறக்கத்தை மேம்படுத்தவில்லை. பொதுமக்கள் தூக்கத்துக்கு நாடும் மூலிகை புற்றுநோயாளியிடமும் பலிக்கும் என்று கொள்ள முடியாது என்பதை இது காட்டுகிறது.

வேர் வேறு, சூரணம் வேறு

ஆய்வுகள் பேசுவது பெரும்பாலும் அமுக்கரா வேரை. கடையில் கிடைக்கும் அமுக்கரா சூரணமோ கூட்டு மருந்து. அதில் சுக்கு, மிளகு, திப்பிலி, ஏலம், கிராம்பு, சிறுநாகப்பூ, சர்க்கரை ஆகியவையும் சேரும். மிளகிலும் திப்பிலியிலும் உள்ள பைப்பரின், கல்லீரல் மருந்துகளைச் சிதைக்கும் வேகத்தை மாற்றவல்லது. மற்ற மருந்துகளின் அளவை உடலில் மாற்றும் அந்த ஆற்றலே, புற்றுநோய் மருந்து உடன் இருக்கும்போது கவலைக்குரியதாகிறது.

இதற்கு ஒரு முன்மாதிரி உண்டு. டமாக்சிஃபென் எடுத்துவந்த 16 பேருக்கு மஞ்சளின் குர்குமினைக் கொடுத்து நெதர்லாந்தின் ராட்டர்டாமில் ஆராய்ந்து 2019இல் வெளியிட்டார்கள். டமாக்சிஃபெனின் செயல்வடிவமான எண்டாக்சிஃபென் 7.7 சதவீதம் குறைந்தது. பைப்பரினும் சேர்ந்தபோது 12.4 சதவீதம் குறைந்தது. அந்த ஆய்வில் தந்தது அதிக அளவு கொண்ட மருந்து. ரசத்து மிளகும் குழம்பு மஞ்சளும் அஞ்சத்தக்கவை அல்ல. அமுக்கரா சூரணம் கெடுதல் செய்யும் என்றும் இதனால் நிறுவப்படவில்லை. ஆயினும் நாள்தோறும் மருந்தாக எடுக்கும் கூட்டுச் சரக்கை, அதிலுள்ள ஒற்றை வேரின் ஆய்வைக் காட்டி ஆபத்தற்றது என்று சொல்ல இயலாது.

கல்லீரல் பற்றிய எச்சரிக்கையும் உண்டு. அமுக்கரா கலந்த மருந்துகளால் மஞ்சட்காமாலை கண்ட ஐந்து பேரைப் பற்றி ஐஸ்லாந்து, அமெரிக்க மருத்துவர்கள் 2020இல் எழுதினார்கள். அரிதான விளைவுதான், அனைவரும் மீண்டனர். ஆனால் கீமோதெரபி பெறுபவருக்குக் காமாலை கண்டால், காரணம் கீமோ மருந்தா, நோய் பரவலா, சூரணமா என்று தெரியாமல் சிகிச்சையே தடைபடலாம். சூரணம் எடுத்ததை நோயாளி சொல்லாதிருந்தால் குழப்பம் இரட்டிப்பாகும்.

செய்யத்தக்கவை

முதலாவது, மருந்தில்லா உறக்கப் பயிற்சி. தினமும் ஒரே நேரத்தில் எழுவது, தூக்கம் வந்தபின் படுப்பது, வராவிட்டால் எழுந்து உட்காருவது, பகல் தூக்கத்தைக் குறைப்பது, தூக்கம் பற்றிய அச்சத்தைத் தெளிவிப்பது ஆகியவை அதன் கூறுகள். நாட்பட்ட தூக்கமின்மைக்கு முதல் சிகிச்சையாக அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016இல் பரிந்துரைத்தது இதையே. புற்றுநோய் கடந்த 160 பேரிடம் நடந்த 2019ஆம் ஆண்டு ஆய்வில் அக்குபங்சரும் பலன் தந்தது. இப்பயிற்சி அதனினும் மேலாகத் தந்தது. இதைத் தமிழில் சொல்லித்தர ஒரு செவிலியர் போதும். 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வலிநிவாரண, ஆதரவுச் சிகிச்சைக்காக வீடு தேடிச் செல்பவர்கள், வலியைக் கேட்பதோடு தூக்கத்தையும் கேட்கலாம்.

இரண்டாவது, ஒரே மருந்துக் குறிப்பேடு. புற்றுநோய் மருத்துவரும் சித்த மருத்துவரும் அதே ஏட்டில் எழுத வேண்டும். கீமோதெரபிக் காலத்தில் கூட்டுச் சூரணத்தைத் தவிர்ப்பது நலம். சிகிச்சை முடிந்தபின், இருவரின் ஒப்புதலோடும் கல்லீரல் பரிசோதனையோடும், தரமறிந்த தனி வேரை எண்ணிப் பார்க்கலாம்.

மூன்றாவது, நம் மண்ணில் ஓர் ஆய்வு. தாம்பரத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் கோவையின் புற்றுநோய் மருத்துவமனைகளும் இணைந்து, அமுக்கரா வேரையும் சூரணத்தையும் தனித்தனியே, உறக்கப் பயிற்சியோடு ஒப்பிட்டு ஆராய வேண்டும்.

முடிவுரை

இன்றைய சான்றுகளின்படி, புற்றுநோயாளியின் தூக்கமின்மைக்கு அமுக்கரா சூரணம் முதல் மருந்தாகாது. ஆய்வுக்குத் தகுதியான மருந்து என்பதில் ஐயமில்லை. சித்த மருத்துவத்துக்குச் செய்யும் மரியாதை அதைச் சோதித்துப் பார்ப்பதே. அதுவரை நோயாளிகளுக்கும் குடும்பத்தாருக்கும் ஒரு வேண்டுகோள்: தூக்கம் வரவில்லை என்பதையும், அதற்காக எடுக்கும் மருந்து எதுவாயினும் அதன் பெயரையும், உங்கள் புற்றுநோய் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.