தொழுகையில் மறதி: திருத்தத் தெரிந்திருப்போம்

அண்மையில் சீனன்குடாப் பகுதிப் பள்ளிவாசல் ஒன்றில் லுஹர் தொழுதோம். இரண்டாம் ரக்அத்தின் பின் அத்தஹிய்யாத்தில் அமராமல் இமாம் எழுந்து நின்றுவிட்டார். பின்வரிசையிலிருந்த சிறுவன் ஒருவன் "ஸுப்ஹானல்லாஹ்" என்றான். இமாம் அமராமல் தொடர்ந்து தொழுவித்து, ஸலாம் கொடுக்கும் முன் இரண்டு ஸஜ்தாக்கள் செய்தார்.

தொழுகை முடிந்ததும் பெரியவர் ஒருவர் சிறுவனை அதட்டினார். "இமாம் திரும்ப உட்கார்ந்திருக்க வேண்டும்" என்றார் இன்னொருவர். உண்மையில் இமாம் செய்ததும் சரி, சிறுவன் செய்ததும் சரி.

நபி (ஸல்) அவர்களுக்கே இது நிகழ்ந்திருக்கிறது. ஒருமுறை நான்கு ரக்அத் தொழுகையை இரண்டிலேயே முடித்துவிட்டார்கள். அபூபக்ர் (ரழி), உமர் (ரழி) இருவரும் சபையில் இருந்தும் பேசத் தயங்கினார்கள். துல்யதைன் (ரழி) என்ற தோழரே, தொழுகை சுருக்கப்பட்டதா அல்லது மறந்துவிட்டீர்களா என்று கேட்டார். நபியவர்கள் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. மற்றவர்களிடம் விசாரித்து, எஞ்சியதைத் தொழுது, ஸஜ்தா ஸஹ்வு செய்தார்கள். தாமும் மறக்கக்கூடிய மனிதரே, மறந்தால் நினைவூட்டுங்கள் என்றும் வேறொரு சந்தர்ப்பத்தில் கூறினார்கள். இவை புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளன.

நம் நாட்டில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபின்படி அறிந்திருக்க வேண்டியவை:

1. ருகூஉ, ஸஜ்தா போன்ற ஃபர்ளு விடுபட்டால் ஸஜ்தா ஸஹ்வு மட்டும் ஈடாகாது. விடுபட்டதையும் நிறைவேற்ற வேண்டும்.

2. முதல் அத்தஹிய்யாத்தோ சுபஹ் குனூத்தோ விடுபட்டால் ஸஜ்தா ஸஹ்வு போதும். அத்தஹிய்யாத்தை மறந்து முழுமையாக நிமிர்ந்துவிட்டால் திரும்ப உட்காரக் கூடாது.

3. மூன்றா நான்கா என்று சந்தேகம் வந்தால் மூன்று என்றே கொண்டு இன்னொரு ரக்அத் தொழுது, ஸஜ்தா ஸஹ்வு செய்ய வேண்டும். தொழுகையை முறித்து மீண்டும் தொடங்கத் தேவையில்லை.

4. குறைவாகத் தொழுதது ஸலாமின் பின் உடனே உறுதியாகத் தெரிந்தால், எழுந்து எஞ்சியதை நிறைவுசெய்து ஸஜ்தா ஸஹ்வு செய்யலாம். நீண்ட நேரம் கடந்திருந்தால் மீண்டும் தொழ வேண்டும். ரக்அத் எண்ணிக்கையில் ஸலாமின் பின் எழும் வெறும் சந்தேகத்தைப் பொருட்படுத்த வேண்டியதில்லை.

5. இமாம் ஸஜ்தா ஸஹ்வு செய்தால் பின்நிற்பவரும் செய்ய வேண்டும். நினைவூட்ட ஆண்கள் "ஸுப்ஹானல்லாஹ்" என்பார்கள், பெண்கள் கை தட்டுவார்கள்.

செய்முறை எளிது. இறுதி அத்தஹிய்யாத்தும் ஸலவாத்தும் ஓதியபின் வழமைபோல் இரண்டு ஸஜ்தாக்கள் செய்து ஸலாம் கொடுப்பது. ஹனஃபி மத்ஹபினர் ஒரு ஸலாமின் பின் ஸஜ்தா செய்து, மீண்டும் அத்தஹிய்யாத் ஓதி முடிப்பார்கள். அதைத் தவறென்று சொல்லிச் சண்டையிட வேண்டாம்.

வகுப்பறையில் நான் கரும்பலகையில் பிழையாக எழுதினால் மாணவர் சுட்டிக்காட்ட வேண்டுமென்றே விரும்புகிறேன். அதட்டப்பட்ட பிள்ளை அடுத்த முறை வாய்திறக்காது. அன்று முழு சபையும் மறந்திருந்தால் யார் நினைவூட்டுவது? சரியாக நினைவூட்டிய பிள்ளையின் தோளில் தட்டிக்கொடுங்கள்.