மனை வாங்கும் முன் ஏரியைத் தேடுங்கள்

புறநகர் லேஅவுட்டில் வீடு வாங்கலாமா என்று கேட்கும் நண்பர்களுக்கு என் பதில்: முதல்ல தி.நகர் வரலாற்றைப் பாருங்க.

இன்று நகரின் நடுவில் இருக்கும் தி.நகர், 1920களில் ஊருக்கு வெளியே போட்ட லேஅவுட்தான். 1920 நகரமைப்புச் சட்டத்துக்குப் பிறகு, நீதிக்கட்சி ஆட்சிக் காலத்தில், மாம்பலம் பக்கம் இருந்த நெடிய ஏரியை வற்றவைத்து மனை பிரித்தார்கள். நடுவில் பனகல் பூங்கா, அதிலிருந்து பிரியும் அகலச் சாலைகள். திட்டத்தில் பெரிய குறை சொல்ல முடியாது. வாங்கியவர்களுக்கும் மதிப்பு பல மடங்கு ஏறியது.

ஆனா ஏரி போனாலும் பள்ளம் போகல. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கு, லேக் இல்லை. 2015 டிசம்பரில் அந்தப் பக்கத் தெருக்களில் வெள்ளம் நின்றது. அடையாறு பொங்கியது ஒரு காரணம், தாழ்ந்த நிலம் இன்னொன்று.

வில்லங்கச் சான்று மனை யார் கை மாறியது என்று சொல்லும். தண்ணீரைப் பற்றிச் சொல்லாது. கிராம அ-பதிவேட்டில் சர்வே எண்ணைப் பாருங்க. நஞ்சை என்றிருந்தால் அது பாசனத் தண்ணீர் பாய்ந்த நிலம். அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது, இப்போ மழைக்கு எங்கே போகும்னு கேளுங்க. அப்புறம் விலை பேசலாம்.