வெட்டிப் பேச்சின் வரலாறு

'கைபேசியைக் கீழே வைத்துவிட்டு மனிதர்களோடு பேசுங்கள்' என்ற அறிவுரையைக் கல்லூரி விழா மேடைகளில் ஆண்டுதோறும் கேட்டுவருகிறேன். பேசுகிறவர் பெரும்பாலும் ஆண். எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் மாணவிகள். அறிவுரையில் நியாயம் இல்லாமலில்லை. தூக்கம் கெடுகிறது, கண் எரிகிறது, பக்கத்தில் இருப்பவளின் முகவாட்டம் நம் கண்ணில் படுவதில்லை. ஆனாலும் ஒரு கருவி மனிதர்களைப் பிரிக்கிறது என்று சொல்வதற்கு முன், அதில் யார் யாரோடு எதற்காகப் பேசினார்கள், அந்தப் பேச்சை அளந்தது யார் என்று கேட்க வேண்டியிருக்கிறது. இந்தக் கேள்விக்கு அமெரிக்கத் தொலைபேசியின் வரலாற்றில் நமக்குப் பாடம் உண்டு.

அலெக்சாண்டர் கிரகாம் பெல் காப்புரிமை பெற்றது 1876-இல். தொலைபேசி நிறுவனங்களை நடத்தியவர்களில் பலர் தந்தித் தொழிலிலிருந்து வந்தவர்கள். தந்தியில் சொல்லுக்குச் சொல் காசு; சுருக்கமாகச் சொல்வதுதான் அதன் இலக்கணம். தொலைபேசியையும் அவர்கள் அப்படியே பார்த்தார்கள். வணிகத்துக்கு, மருத்துவரை அழைக்க, கடைக்குச் சாமான் சொல்ல என்றே விளம்பரம் செய்தார்கள். தோழியோடு பேசுவது அந்தப் பட்டியலில் இல்லை. சமூகவியலாளர் கிளாட் ஃபிஷர் 1992-இல் வெளியிட்ட 'அமெரிக்கா காலிங்' நூலில் இதை விரிவாக எழுதியிருக்கிறார்.

அவர் எடுத்துக்காட்டும் ஒரு செய்தி என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது. 1909-இல் சியாட்டில் நகரத் தொலைபேசி மேலாளர் ஒருவர் குடியிருப்புப் பகுதி அழைப்புகள் சிலவற்றை ஒட்டுக்கேட்டுக் கணக்கெடுத்தார். 20 விழுக்காடு கடைகளுக்கும் பிற வணிகங்களுக்கும் கொடுத்த ஆர்டர்கள். இன்னொரு 20 விழுக்காடு வீட்டிலிருந்து தம் தொழிலிடத்துக்குப் பேசியவை. 15 விழுக்காடு விருந்து அழைப்புகள். மீதியில் 30 விழுக்காட்டை 'வெறும் வம்பளப்பு' என்று வகைப்படுத்தினார். அதை எப்படிக் குறைப்பது என்பதே அவருடைய கவலை. காரணம் எளிது. பல ஊர்களில் மாதக் கட்டணம் ஒரே தொகை. எவ்வளவு நேரம் பேசினாலும் நிறுவனத்துக்குக் கூடுதலாக ஒரு காசும் வராது.

பெண்கள் பேச்சை நிறுத்தவில்லை. அடுத்த வீட்டுக்கே நெடுந்தூரம் போக வேண்டிய பண்ணைக் குடும்பங்களில், மாதக்கணக்கில் இன்னொரு பெண்ணின் குரலைக் கேட்காமல் இருந்தவர்களுக்குத் தொலைபேசி உயிர்ப்பிடியாக இருந்தது. பண்ணையார்கள் கூட்டாகக் கம்பி இழுத்துக்கொண்டார்கள். சில இடங்களில் வேலிக் கம்பியே தொலைபேசிக் கம்பியானது. பல வீடுகளுக்கு ஒரே இணைப்பு என்பதால் ஒருத்தி பேசுவதை மற்றவர்களும் கேட்கலாம். பிள்ளைக்குக் காய்ச்சல், பேறுகாலம், துக்கம் எல்லாம் அந்தக் கம்பியில் ஓடின. 1920-களின் பிற்பகுதியில்தான் நிறுவனங்கள், நண்பர்களோடும் உறவினர்களோடும் பேசுங்கள் என்று விளம்பரப்படுத்தத் தொடங்கின. அந்தப் பயன்பாட்டைப் பெண்கள் அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே கண்டுபிடித்துவிட்டிருந்தார்கள்.

கம்பியின் நடுவிலும் பெண்தான் இருந்தாள். முதலில் வேலைக்கு வைத்த பையன்கள் வாடிக்கையாளர்களைத் திட்டினார்கள், குறும்பு செய்தார்கள். 1878-இல் பாஸ்டனில் எம்மா நட் என்ற பெண் ஆபரேட்டராகச் சேர்ந்தார். பிறகு அந்த வேலையே பெண்களின் வேலையாயிற்று. குறைந்த கூலி, கடும் கண்காணிப்பு, எவர் கத்தினாலும் கனிவு மாறாத குரல். சிற்றூர்களில் மணி சொல்வது, தீப்பிடித்தால் ஊரை எழுப்புவது, மருத்துவர் எங்கே இருக்கிறார் என்று தேடிப்பிடிப்பது எல்லாம் அவள் பொறுப்பு. 1919 ஏப்ரலில் நியூ இங்கிலாந்துப் பகுதியில் ஜூலியா ஓ'கானர் தலைமையில் சுமார் 8,000 பெண் ஆபரேட்டர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஒரு வாரத்துக்குள் கூலி உயர்வைப் பெற்றார்கள். கனிவான குரலுக்குப் பின்னால் உழைப்பு இருக்கிறது என்பதை, அந்தக் குரல் நின்றபோதுதான் ஊர் அறிந்தது.

இதைப் படிக்கும்போது தமிழ் படித்தவளுக்கு அகப்பாடல்கள் நினைவுக்கு வராமல் இருக்காது. தலைவிக்கும் தோழிக்கும் இடையே நடக்கும் பேச்சை எடுத்துவிட்டால் அகப்பாட்டில் பெரும்பகுதி காணாமல் போய்விடும். அதே மரபில் ஊரார் பேச்சுக்கு அம்பல், அலர் என்று பெயர். அலர் எழுந்ததும் நடப்பது இற்செறிப்பு: பெண்ணை வீட்டுக்குள் அடைத்துவைப்பது. பேசியது ஊர், அடைபட்டது அவள்.

இற்செறிப்பு பழங்கதை இல்லை. 2016-இல் குஜராத்தின் மெஹ்சானா மாவட்டத்தில் சூரஜ் என்ற கிராமம், மணமாகாத பெண்கள் கைபேசி வைத்திருக்கக் கூடாதென்று தடை விதித்தது. மீறினால் 2,100 ரூபாய் அபராதம். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தாமே பயன்படுத்தும் கைபேசி உள்ள பெண்கள் இந்தியாவில் 54 விழுக்காடுதான். கைபேசியே கிடைக்காதவளிடம் கைபேசியைக் குறை என்று சொல்ல முடியாது.

கிடைத்தவளுக்கு நேரம் இருக்கிறதா? 2024-ஆம் ஆண்டின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்குச் செலவிடுவது நாளுக்கு 289 நிமிடம். ஆண்கள் 88 நிமிடம். உறவுகளைக் கட்டிக்காக்கும் பேச்சு இந்தக் கணக்கில் தனியாகத் தெரிவதில்லை. மாமியாரின் மாத்திரையைக் கேட்பது, நாத்தனாரைச் சமாதானப்படுத்துவது, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எல்லோருக்கும் பிறந்தநாள் வாழ்த்துச் சொல்வது என்று அவள் செய்துகொண்டிருக்கும்போதே, 'எப்போது பார்த்தாலும் போன்' என்ற குரல் கூடத்திலிருந்து வரும். அமெரிக்கச் சிற்றூர் ஒன்றில் பெண்களின் தொலைபேசிப் பழக்கத்தை ஆராய்ந்த லானா ராகோ இத்தகைய பேச்சை உழைப்பு என்றே கணக்கில் எடுத்துக்கொண்டார்.

ஒன்று மாறியிருக்கிறது. 1909-இல் நீண்ட பேச்சால் நிறுவனத்துக்கு வருமானம் இல்லை. ஆகவே பெண்களின் நேரத்தைக் குறைக்கப் பார்த்தது. இன்றைய செயலிகளுக்கு நம் நேரமே வருமானம். ஆகவே நீட்டிக்கப் பார்க்கின்றன. முடிவேயில்லாமல் ஓடும் காணொளிகள் அந்தக் கணக்கில் செய்யப்பட்டவை. அன்றும் இன்றும் நம் நேரத்தை அளப்பது இன்னொருவரின் கல்லாப்பெட்டி.

அதனால் மாணவிகளிடம் நான் நிமிடக் கணக்குக் கேட்பதில்லை. எந்த அழைப்புக்குப் பிறகு மனம் லேசானது, எது உன்னைச் சுரண்டியது என்று எழுதிவரச் சொல்கிறேன். விரல் தானாகத் தள்ளிக்கொண்டிருக்கும் காணொளியை நிறுத்தலாம். குடும்பக் குழுவுக்குப் பதில் சொல்லும் பொறுப்பை அண்ணனிடமும் அப்பாவிடமும் ஒப்படைக்கலாம். இரவு பத்து மணிக்கு அழுதபடி அழைக்கும் தோழியின் போனை மட்டும் எடுத்துவிடு. அதற்கு யார் என்ன பெயர் வைத்தாலும் வைக்கட்டும்.